சாயம் போகும் துணி: ஒரு வாளித் தண்ணீரில் தப்பிப்பது எப்படி?

மும்பையில் மழைக்காலம் பிறந்துவிட்டால் நம்மவர்கள் சேர்ந்து குடியிருக்கும் அறைகளில் ஒரு சண்டை தவறாமல் நடக்கும். தண்ணீர்ச் சண்டை அல்ல. அது பன்னிரண்டு மாதமும் உண்டு. இது துணிச் சண்டை. ஒருவருடைய புது லுங்கியின் சிவப்பு, இன்னொருவருடைய வெள்ளைச் சட்டையில் ஏறிவிடும். லுங்கிக்காரர் சிரித்துச் சமாளிப்பார். சட்டைக்காரருக்குச் சிரிப்பு வராது.

தாராவி 90 அடி சாலையை ஒட்டிய சந்தில் ஓர் அறை. திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் ஆறு பேர். அவர்களில் மூத்தவர் ஓர் ஓட்டலில் பரிமாறுகிறவர். வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையும் அவருக்குச் சீருடை. சட்டை மொத்தமே இரண்டு. ஊரிலிருந்து புதிதாக வந்த பையன் ஒருவன், நடைபாதைக் கடையில் வாங்கிய கருஞ்சிவப்பு பனியனை, இரவில் எல்லோருடைய துணியும் ஊறிக்கொண்டிருந்த வாளியில் போட்டுவிட்டான். விடிந்து பார்த்தால் இரண்டு சட்டையும் ரோஜா நிறம்.

"தெரியாமப் போட்டுட்டேன் அண்ணாச்சி" என்று பையன் கையைப் பிசைந்தான்.

அண்ணாச்சி ஒன்றும் திட்டவில்லை. ஆனால் ரோஜா நிறச் சட்டையோடு பரிமாற ஓட்டலில் விடமாட்டார்கள். அன்றைய வேலை போயிற்று. புதிதாக ஒரு சட்டை வாங்க வேண்டியதாயிற்று. அந்த வாரம் ஊருக்குப் போக வேண்டிய பணத்தில் அந்த அளவு குறைந்தது.

வீட்டில் தனித்தனியே நான்கு வாளி, எந்நேரமும் குழாய்த் தண்ணீர் என்று இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம். "வெள்ளையைத் தனியே துவையுங்கள்" என்று ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுவார்கள். விடியற்காலையில் கொஞ்ச நேரம் வரும் குழாயை நம்பி, ஒரே வாளியில் ஆறு பேர் துணியையும் இரவே ஊறப் போடுகிறவர்களுக்கு அந்த ஒரு வரி போதாது. அவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

சாயம் ஏன் போகிறது?

துணியில் ஏற்றிய சாயம் எல்லாம் துணியோடு ஒட்டிக்கொள்வதில்லை. ஒரு பகுதி நூலுக்குள் புகுந்து பிடித்துக்கொள்ளும். மற்றொரு பகுதி நூலின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். இந்தச் சும்மா உட்கார்ந்த சாயம்தான் தண்ணீர் பட்டதும் கிளம்பிப் பக்கத்துத் துணியில் இடம் தேடுகிறது.

பருத்திக்குப் போடும் சாயங்களில் பல வகை உண்டு. நேர்ச்சாயம் என்பது மலிவானது. கொதிக்கும் தண்ணீரில் சாயத்தையும் உப்பையும் போட்டுத் துணியை முக்கினால் ஏறிவிடும். ஆனால் நூலோடு அதற்குள்ள பிடிப்பு பலவீனமானது. ஒவ்வொரு துவையலிலும் கொஞ்சம் கழலும். 1956-ல் சந்தைக்கு வந்த வினைச்சாயம் வேறு ரகம். அது நூலோடு வேதியியல் முறையில் பிணைந்துகொள்ளும். பிணைந்த சாயம் எளிதில் போகாது. ஆனால் அதிலும் பிணையாமல் மிஞ்சும் பங்கு உண்டு. சாயப்பட்டறையில் துணியைச் சோப்புப் போட்டுச் சூடான தண்ணீரில் பல முறை அலசி, அந்த மிச்சத்தை வெளியேற்ற வேண்டும். அலசலுக்குத் தண்ணீரும் எரிபொருளும் செலவு. மலிவு விலைக்குத் துணி கொடுக்க நினைக்கிறவர் கை வைப்பது முதலில் இந்த இடத்தில்தான். பட்டறையில் அலசாமல் விட்ட சாயத்தை நாம் நமது வாளியில் அலசுகிறோம்.

பட்டறையில் ஒழுங்காக அலசினால் அந்தச் சாயத் தண்ணீர் எங்கே போகும் என்பது அடுத்த கேள்வி. திருப்பூரில் அது நொய்யல் ஆற்றில் போயிற்று. ஆறு கெட்டு, விவசாயிகள் வழக்குப் போட்டு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அது தனிக்கதை, எழுதினால் ஒரு நாள் பத்திரிகை போதாது.

ஜீன்ஸ் துணியின் நீலம் இன்னொரு விதம். அந்த நீலம் நூலின் உள்ளே ஊடுருவாமல் மேல்பக்கத்திலேயே படிந்திருக்கும். ஆகவே துவைக்காமலேயே, உரசினாலே ஒட்டும். புது ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வெள்ளைச் சட்டையை உள்ளே செருகினால், மாலையில் சட்டை நுனி நீலமாக இருப்பதன் காரணம் இதுதான். வியர்வை சேர்ந்தால் இன்னும் மோசம்.

சாயம் வாங்கிக்கொள்ளும் துணியிலும் வித்தியாசம் உண்டு. பருத்திச் சாயத்தை அதிகம் பிடிப்பது பருத்திதான். வெள்ளை பனியன், வேட்டி, கைத்தறித் துண்டு எல்லாம் முதலில் மாட்டும். முழு பாலியஸ்டர் சட்டை பெரும்பாலும் தப்பிவிடும். டெரிகாட்டன் இரண்டுக்கும் நடுவில். நைலானும் சில சாயங்களை ஆசையோடு பிடிக்கும். உள்ளாடை எலாஸ்டிக் பட்டை மட்டும் நிறம் மாறி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

அமெரிக்காவில் சாயம் போன சென்னைத் துணி

சாயம் போகாத துணிக்குப் பெயர் பெற்றது நமது சோழமண்டலக் கடற்கரை. சாயவேரும் படிகாரமும் கடுக்காயும் கொண்டு ஏற்றிய சிவப்பு, துவைத்தாலும் போகவில்லை என்பதற்காகவே 17-ம் நூற்றாண்டில் ஐரோப்பியர் இந்தக் கரைத் துணியைக் கப்பல் கப்பலாக அள்ளிப் போனார்கள். அதே கரையின் பெயரைத் தாங்கிய துணி ஒன்று 20-ம் நூற்றாண்டில் சாயம் போவதற்காகவே புகழ்பெற்றது என்றால் நம்புவீர்களா?

"மெட்ராஸ்" என்று அமெரிக்காவில் சொல்வது நாம் லுங்கியில் காணும் கட்டம் போட்ட கைத்தறித் துணியைத்தான். 1958-ல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர் இங்கே, அன்றைய பம்பாய்க்கு வந்து, கைத்தறி ஏற்றுமதி செய்துவந்த கேப்டன் சி.பி.கிருஷ்ணன் நாயரிடம் அந்தத் துணியைக் கெஜம் ஒரு டாலர் கணக்கில் வாங்கினார். பின்னாளில் மும்பை விமான நிலையத்துக்கு அருகே லீலா ஓட்டலைக் கட்டினாரே, அதே கேப்டன் நாயர். குளிர்ந்த தண்ணீரில் மெதுவாகத் துவைக்க வேண்டும், இல்லையென்றால் சாயம் போகும் என்று அவர் எச்சரித்தே கொடுத்தார். துணி நியூயார்க்கின் புகழ்பெற்ற புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போயிற்று. எச்சரிக்கை மட்டும் போகவில்லை.

வாங்கியவர்கள் சட்டை தைத்துப் போட்டு, வாஷிங் மெஷினில் மற்றத் துணிகளோடு போட்டார்கள். சட்டையும் வெளுத்தது, கூடப் போட்ட துணியும் கெட்டது. புகார் குவிந்தது, வழக்குப் போடும் அளவுக்குப் பேச்சு முற்றியது. அப்புறம்தான் வியாபாரிகளின் மூளை வேலை செய்தது. குறையையே பெருமை ஆக்கினார்கள். ஒவ்வொரு துவையலிலும் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து புதுச் சட்டை போலத் தோன்றும் அதிசயத் துணி என்று அமெரிக்கப் பத்திரிகை ஒன்று பக்கம் பக்கமாக எழுதியது. "சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம்" என்று விளம்பரமே வந்தது. விளம்பர உலகின் பெரும்புள்ளி டேவிட் ஓகில்வி தந்த வாசகம் அது என்பார்கள். துணி அமோகமாக விற்றது.

அமெரிக்கப் பணக்காரப் பிள்ளைகளுக்குச் சாயம் போனால் நாகரிகம். நமக்குப் போனால் ஒரு நாள் கூலி. ஆனாலும் இந்தக் கதையில் நமக்குப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. அந்தத் துணியில் குற்றம் இல்லை. எப்படித் துவைப்பது என்று வாங்கியவருக்குச் சொல்லாததுதான் குற்றம். இன்றும் நடைபாதையில் குவித்து விற்கும் துணியில் அந்தச் சொல் கிடையாது. நல்ல கடைத் துணியில் காலருக்கு உள்ளே சின்ன நாடா ஒன்று தைத்திருப்பார்கள். தண்ணீர்த் தொட்டிப் படத்தில் எண் இருந்தால் அந்த வெப்பத்துக்கு மேல் போகக் கூடாது. கை வரைந்திருந்தால் கையால் மட்டும். முக்கோணத்தின் மேல் பெருக்கல் குறி இருந்தால் பிளீச்சிங் கூடாது. குத்துகிறது என்று நம்மவர்கள் முதல் நாளே அதை வெட்டி எறிந்துவிடுகிறார்கள்.

உப்பும் வினிகரும்

புதுத் துணியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பது நம் வீடுகளில் வழிவழியாக வரும் நம்பிக்கை. அம்மா சொன்னது, ஆத்தா சொன்னது என்று இதை விட்டுக்கொடுக்க யாரும் தயாராக இல்லை. ஆனால் பட்டறையில் உப்பின் வேலை என்ன என்று பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். தண்ணீரில் கரைந்திருக்கும் சாயத்தை நூலின் பக்கம் தள்ளுவதற்கே உப்பு. ஆகவே உப்புத் தண்ணீரில் இருக்கும்வரை சாயம் கொஞ்சம் அடங்கியிருப்பது போலத் தோன்றும். அடுத்த துவையலில் உப்பு இல்லை. சாயம் பழையபடி கிளம்பும். இதைவிட ஆபத்து, அதே உப்பு வாளியில் வெள்ளைத் துணியும் இருந்தால் உப்பு அந்தச் சாயத்தை வெள்ளையின் மேலும் தள்ளும். அதற்குப் பாரபட்சம் தெரியாது.

வினிகரின் கதையும் இதேதான். பட்டு, கம்பளிச் சாயங்களில் சிலவற்றுக்குப் புளிப்பு ஓரளவு உதவும். பருத்திக்கு உதவாது. படிகாரம் சாயவேர் போன்ற இயற்கைச் சாயங்களுக்கு உற்ற துணை. அதுவும் சாயம் ஏற்றும்போது சேர்க்க வேண்டியது. இன்றைய ஆலைச் சாயம் ஏறி முடிந்த சட்டையின் மேல் படிகாரத்தைக் கொட்டிப் பயனில்லை.

துணியை வாங்கி வந்த உடனே சோதித்துப் பார்ப்பது உப்பைவிடப் பலன் தரும். உட்பக்கத் தையல் ஓரத்தைத் தண்ணீரில் நனைத்து, அதன் மேல் வெள்ளைக் கைக்குட்டையை வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். கைக்குட்டையில் நிறம் ஒட்டினால் அந்தத் துணி தனிப் பந்தி. பரிசோதனைச் சாலைகளிலும் ஏறக்குறைய இதே முறைதான்: வெள்ளைத் துணியோடு சேர்த்துத் தைத்துத் துவைத்து, ஒட்டிய நிறத்தைப் பார்த்து 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். 5 என்றால் கெட்டிச் சாயம்.

சாயம் விடும் துணியை முதல் மூன்று நான்கு தடவை தனியே, குளிர்ந்த தண்ணீரில் அலச வேண்டும். தண்ணீர் தெளிவாக நிற்கும்வரை அதற்குத் துணை வேண்டாம்.

ஒரு வாளிக் கணக்கு

மகாலட்சுமி ஸ்டேஷன் பாலத்தின் மேல் நின்று தோபி காட்டைப் பார்க்காத மும்பைவாசி இருக்க மாட்டார். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய தொட்டிகள் வரிசை வரிசையாக நிற்கும். அதற்கு மேலே கொடிகளைப் பாருங்கள். ஒரு வரிசை முழுக்க ஓட்டல் வெள்ளை. ஒரு வரிசை முழுக்க ஆஸ்பத்திரிப் பச்சை. இன்னொன்றில் ஜீன்ஸ் நீலம். அழகுக்காக அப்படித் தொங்கவில்லை. யாருடைய துணி என்று பார்த்து அவர்கள் பிரிப்பதில்லை. என்ன நிறம் என்று பார்த்துப் பிரிக்கிறார்கள். யாருடையது என்று பிறகு கண்டுபிடிக்கச் சலவைக் குறி இருக்கிறது. (அந்தக் காலத்தில் சேராங்கொட்டைப் பாலைச் சுண்ணாம்போடு சேர்த்துப் போட்ட அந்தக் கறுப்புக் குறி, துணி கிழிந்தாலும் அழியாது. சாயக்காரர்களுக்குக் கைவராத கெட்டிச் சாயம் அந்தக் கொட்டையில் இருந்தது!)

நமது அறைகளில் நடப்பது நேர் எதிர். இன்று உன் முறை, நாளை என் முறை என்று ஆள் கணக்கில் துவைக்கிறோம். அவரவர் வெள்ளையும் சிவப்பும் அவரவர் வாளியிலேயே கலக்கின்றன. ஆள் முறையை விட்டு நிற முறைக்கு வந்தால் ஒரு வாளித் தண்ணீரே போதும்.

சோப்புத் தூள் கரைத்த முதல் வாளியில் ஆறு பேருடைய வெள்ளைத் துணியும் முதலில் போகட்டும். கும்மி, கசக்கி, பிழிந்து எடுத்தபின் அதே தண்ணீரில் வெளிர் நிறங்கள். அதையும் எடுத்தபின் இன்னும் அரைக் கரண்டி தூள் போட்டுக் கருநீலம், கறுப்பு, பச்சை. எல்லாவற்றுக்கும் கடைசியில், சாயம் விடும் என்று கைக்குட்டைச் சோதனையில் தெரிந்த துணி. அதற்குப் பிறகு மிதியடி. அலசும் வாளியிலும் இதே வரிசை. வெள்ளைக்குப் பிறகு சிவப்பு போகலாம். சிவப்புக்குப் பிறகு வெள்ளை போகக் கூடாது. தண்ணீர் ஒரு சொட்டும் கூடுதலாகச் செலவாகவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆறு பேருக்குள் ஒற்றுமை மட்டும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். அது தண்ணீரைவிட அரிது என்று சிலர் சொல்லக்கூடும்.

இரவு முழுக்க ஊறவைப்பதுதான் பெரிய வினை. நேரம் கூடக் கூடச் சாயம் கழல்வதும் கூடும். கழன்றது அடுத்த துணியில் ஏறவும் அவகாசம் கிடைக்கும். நிறத் துணிக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். இரவில் ஊறப்போட்டே ஆக வேண்டும் என்றால் வெள்ளையை மட்டும் போடுங்கள். வெந்நீரும் சலவை சோடாவும் சாயத்தைக் கிளப்பும். இரண்டையும் வெள்ளைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மெஷின் வைத்திருப்பவர்களும் நிம்மதியாக இருக்க முடியாது. வேலை முடிந்து மெஷின் கூவியபின், ஈரத் துணியை அதிலேயே விட்டுவிட்டு டியூட்டிக்குப் போகிறவர்கள் உண்டு. சுற்றும்போது ஏறாத சாயம், ஈரத்தோடு அமுங்கிக் கிடக்கும் எட்டு மணி நேரத்தில் ஏறும். சுற்றும் தண்ணீரில் மிதக்கும் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் தாள்கள் விற்கின்றன. கொஞ்சமாகக் கழலும் சாயத்துக்கு அவை உதவும். புதுச் சிவப்புத் துணியின் வெள்ளத்துக்கு அணை ஆகாது.

கொடியில் கவனம்

ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் துணி காய்வது பெரும்பாடு. அறைக்குள் ஒரே கொடியில் துணி மேல் துணியாகப் போடுகிறோம். மூன்று நாள் ஈரம். தனித்தனியே துவைத்த துணிகூட இங்கேதான் கெடுகிறது. ஈரச் சிவப்பும் ஈர வெள்ளையும் தோளோடு தோள் தொடக் கூடாது. சால்களில் மேல்மாடி வராந்தாவில் தொங்கும் துணி கீழ்மாடிக் கொடியில் சொட்டும். இதனால் பேச்சு நின்றுபோன குடும்பங்களும் உண்டு. நிறத் துணியைக் கீழ்க்கொடியிலும் வெள்ளையை மேல்கொடியிலும் போட வேண்டும்.

கரை வேட்டிக்கும் சுங்குடிச் சேலைக்கும் தனிக் கவனம் தேவை. எதிரி வெளியே இல்லை, துணியிலேயே இருக்கிறான். ஊறவைக்காமல், நிறையக் குளிர்ந்த தண்ணீரில் சட்டென்று துவைத்து, முறுக்கிப் பிழிந்து மூலையில் வைக்காமல் உடனே விரித்துப் போடுங்கள். வேட்டியின் கரை மேலிருந்து கீழாக நேரே தொங்கும்படி போட்டால், வடியும் சாயம் கரையோடு கரையாக இறங்கிவிடும். கரை படுக்கையாக இருந்தால் மேல்கரையின் சாயம் நடுவெள்ளை முழுவதும் கோடு கோடாக இறங்கும்.

கார்த்திகை பிறந்து சபரிமலைக்கு மாலை போடும் காலத்தில் இந்தத் தொல்லை இரட்டிப்பாகும். புதுக் கறுப்பு வேட்டி, நீல வேட்டி, காலையும் மாலையும் குளியல், தினமும் துவையல். மலிவுக் கறுப்பு நாற்பத்தொரு நாளும் சாயம் விட்டுக்கொண்டே இருக்கும். மாலை போடுவதற்கு ஒரு வாரம் முன்பே வேட்டியை வாங்கி நான்கு முறை அலசி வைத்துக்கொள்வது நல்லது. பாயில் விரித்த வெள்ளைப் போர்வையும் தப்பும்.

ஏறிவிட்டால்?

வெள்ளையில் நிறம் ஏறியது தெரிந்தால் முதலில் செய்ய வேண்டியது, அதைக் காயவிடாமல் இருப்பது. காய்ந்து, இஸ்திரியும் போட்டுவிட்டால் சாயம் இறுகிவிடும். ஈரமாக இருக்கும்போதே புதுச் சோப்புத் தண்ணீரில் தனியே போட்டு, தண்ணீர் நிறம் மாற மாற மாற்றுங்கள். பாதிக்கு மேல் இதிலேயே போய்விடுவதுண்டு.

போகாவிட்டால், முழு வெள்ளைப் பருத்திக்கு மட்டும் பிளீச்சிங் திரவம். புட்டியில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் வேண்டாம். நிறையத் தண்ணீரில் கலந்து, சில நிமிடங்களில் எடுத்து நன்றாக அலசுங்கள். அதிகநேரம் வைத்தால் நூல் இற்றுவிடும். பட்டு, கம்பளி, நைலான், நிறத் துணி எதற்கும் இது ஆகாது. நிறத் துணியில் வேறு நிறம் ஏறியிருந்தால், நிறத் துணிக்கென்றே விற்கும் ஆக்சிஜன் வகைத் தூளை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து முயன்று பார்க்கலாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிளீச்சிங் திரவத்தோடு வினிகரையோ, எலுமிச்சையையோ, கக்கூஸ் கழுவும் ஆசிட்டையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் என்ற விஷவாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத குளியலறையில் அது ஆளையே சாய்த்துவிடும். இரண்டும் கலந்தால் கறை சீக்கிரம் போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சட்டை போனால் வேறு வாங்கலாம்.

எதற்கும் மசியாத கறை என்றால் இங்கே மார்க்கெட் பகுதிகளில் ரங்காரிகள் இருக்கிறார்கள். துப்பட்டாவுக்கும் பிளவுசுக்கும் நிறம் பொருத்திச் சாயம் போட்டுத் தருகிறவர்கள். கறைபட்ட பருத்திச் சட்டையைக் கருநீலமாகவோ கறுப்பாகவோ மாற்றித் தருவார்கள். தையல் நூல் பாலியஸ்டராக இருந்தால் அது மட்டும் வெள்ளையாகவே நிற்கும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கி வந்தபின் அந்தச் சட்டையையும் முதல் மூன்று நான்கு தடவை தனியே அலசுங்கள்.